அப்பாவின் பஞ்சாங்க நோட்டில் ‘சென்னை + 2’: அப்பா தப்பா, நான் தப்பா?

லயத்து_வீட்டுக்காரன்
2025 ஏப்ரல் 5, இரவு 9:40

வணக்கம். மலேசியாவில் சுங்கை சிப்புட் பக்கம். நான் பிறந்த தோட்டம் இப்போது இல்லை. பால்மரம் போய் செம்பனை வந்தது, லயங்களை (தொழிலாளர் வரிசை வீடுகளை) இடித்தார்கள், நாங்கள் தாமான் (குடியிருப்பு) வீட்டுக்கு வந்துவிட்டோம். தோட்டத்துக் கோயில் மட்டும் நிற்கிறது.

அந்தக் கோயில் வாசலில் ஒரு கரும்பலகை உண்டு. அமாவாசை, பௌர்ணமி, பிரதோஷம், சஷ்டி எப்போது தொடங்கி எப்போது முடிகிறது என்று அப்பா அதில் எழுதுவார். தபாலில் வரும் சென்னைப் பஞ்சாங்கத்தைப் பார்த்து, மலேசிய நேரத்துக்கு மாற்றி, முதலில் ஒரு நோட்டில் குறித்துக்கொள்வார். அப்பா இறந்து பல வருடம் ஆகிறது. இந்த வருடம் கோயில் கமிட்டி அந்த வேலையை என் தலையில் கட்டியது.

நோட்டை எடுத்துப் பார்த்தால் ஒவ்வொரு மாதத்தின் தலைப்பிலும் ‘சென்னை + 2’ என்று இருக்கிறது. இந்தியாவுக்கும் நமக்கும் இரண்டரை மணி நேர வித்தியாசம் என்பது சின்னப் பிள்ளைக்கும் தெரியும். அப்படியென்றால் அப்பா பதின்மூன்று வருடம் அரை மணி தப்பாகவே எழுதினாரா? அம்மாவிடம் கேட்டேன். “உங்கப்பா கணக்கில் தப்பே வராது” என்று எழுந்து போய்விட்டார்.

இன்னொன்றும் உதைக்கிறது. எங்கள் அக்கா 1974 ஜூன் 12, காலை 11:15க்குத் தோட்டத்து ஆஸ்பத்திரியில் பிறந்தவர். கையால் எழுதிய ஜாதகத்தில் சிம்ம லக்னம், 3 பாகை. கணினியில் போட்டால் கடக லக்னம், 25 பாகை வருகிறது. ஜோசியரும் தப்பு, அப்பாவும் தப்பு, கணினி மட்டும் சரியா?

---

செம்பனை_ஓரம்
2025 ஏப்ரல் 5, இரவு 10:02

அண்ணே, நோட்டு எந்த வருடத்தில் தொடங்கி எந்த வருடத்தில் முடிகிறது?

---

லயத்து_வீட்டுக்காரன்
2025 ஏப்ரல் 5, இரவு 10:15

1968 முடிவில் தொடங்கி 1981 டிசம்பரில் முடிகிறது தம்பி. அடுத்த நோட்டைக் கரையான் தின்றுவிட்டது. அட்டை மட்டும் கிடைத்தது.

---

ஓய்வு_ஆசிரியர்
2025 ஏப்ரல் 6, காலை 8:20

கரையான் சரியான நோட்டைப் பார்த்துத்தான் தின்றிருக்கிறது.

1981 டிசம்பர் 31 இரவு உங்களுக்கு எத்தனை வயது என்று தெரியவில்லை. எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. இரவு 11:30 ஆனதும் கடிகாரத்தை நள்ளிரவு 12க்குத் தள்ளி வைத்தோம். அந்த அரை மணி நேரம் தீபகற்பத்தில் யாருமே வாழாத அரை மணி. அதுவரை நம் நேரம் கிரீன்விச்சுக்கு 7:30 மணி முன்னால் இருந்தது. சபாவும் சரவாக்கும் ஏற்கெனவே 8 மணியில் இருந்தன. நாடு முழுவதும் ஒரே நேரம் வேண்டும் என்று 1982 ஜனவரி 1 முதல் நாமும் 8க்கு மாறினோம்.

இந்தியா 5:30. ஏழரையிலிருந்து ஐந்தரையைக் கழித்தால் மிச்சம் 2. அப்பாவின் நோட்டில் ஒரு வரிகூடத் தப்பில்லை. தொலைந்த அந்த நோட்டில் ‘சென்னை + 2½’ என்றுதான் எழுதியிருப்பார்.

அக்கா ஜாதகத்துக்கு வருவோம். கணினியில் நேர மண்டலத்தை நீங்களே +8 என்று போட்டீர்களா? அந்த +8தான் குற்றவாளி. 1974இல் 7:30 போட வேண்டும். நானே உட்கார்ந்து போட்டுப் பார்த்தேன். சுங்கை சிப்புட் வடக்கு அட்சம் 4.82 பாகை, கிழக்குத் தீர்க்கம் 101.07 பாகை. காலை 11:15 என்பது கிரீன்விச்சில் அதிகாலை 3:45. அந்த நேரத்தில் கீழ்வானத்தில் உதித்துக்கொண்டிருந்தது சிம்மத்தில் 3 பாகைக்குச் சற்றுக் கீழே. +8 போட்டால் கணினி 3:15 என்று எடுத்துக்கொள்கிறது. பூமி அரை மணியில் ஏழரைப் பாகை சுற்றும். அந்த அளவு பின்னால் போய்க் கடகத்தில் 25 பாகையில் நிற்கிறது. எழுதிய ஜோசியர் கெட்டிக்காரர்.

வீட்டில் இன்னும் மூத்தவர்கள் ஜாதகம் இருந்தால் அதிலும் கவனம். ஜப்பான்காரன் காலத்தில், 1942 பிப்ரவரி முதல் 1945 செப்டம்பர் வரை, இங்கே தோக்கியோ நேரம். கிரீன்விச்சுக்கு 9 மணி முன்னால். அந்த மூன்றரை வருடத்தில் பிறந்தவர்களுக்கு இன்றைய +8 போட்டால் ஒரு மணி நேரம் எதிர்ப்பக்கமாகத் தவறும். அதிலும் ஒரு சிக்கல் உண்டு. தோட்டத்தில் பிள்ளை பெற்றவள் எந்தக் கடிகாரத்தைப் பார்த்தாள்? துரை வீட்டுக் கடிகாரமா, ஆபீஸ் கடிகாரமா, சேவல் கூவியதா? அதற்கு எந்தச் சூத்திரமும் கிடையாது.

---

லயத்து_வீட்டுக்காரன்
2025 ஏப்ரல் 6, காலை 9:05

ஐயா, என்ன சொல்வது. ஆமாம், +8 நான்தான் கையால் போட்டேன். 7:30 போட்டதும் சிம்மம் வந்துவிட்டது.

அம்மாவிடம் சொன்னேன். “நான் அப்பவே சொன்னேனா இல்லையா” என்றார். அப்பாவின் நோட்டை வாங்கிப் பூஜை அலமாரியில் வைத்துவிட்டார். இனி எனக்கு அது கிடைக்காது.

---

நேர்வழி
2025 ஏப்ரல் 6, மதியம் 1:30

நேர மண்டலம் தப்பு, சரி. ஆனால் லக்னம் கடகமானால் என்ன, சிம்மமானால் என்ன? அக்கா வாழ்க்கை மாறிவிடப் போகிறதா? அறிவியலையும் ஜோசியத்தையும் ஒரே சட்டியில் போட்டுக் கிண்டாதீர்கள்.

---

ஓய்வு_ஆசிரியர்
2025 ஏப்ரல் 6, மதியம் 2:10

பலன் சொல்வது என் வேலை இல்லை தம்பி, அதில் எனக்கு நம்பிக்கையும் கிடையாது. ஆனால் 11:15க்கு எந்த நட்சத்திரக் கூட்டம் கீழ்வானத்தில் இருந்தது என்பதற்கு ஒரே ஒரு விடைதான் உண்டு. அதைச் சரியாகச் சொன்னவரை மதிக்கிறேன். ஐந்தாம் படிவம் படித்த நம் பிள்ளைகளில் எத்தனை பேரால் அதைச் சொல்ல முடியும்?

---

ஈப்போ_அக்கா
2025 ஏப்ரல் 6, இரவு 8:45

நல்ல இழை. எனக்கும் ஒரு சந்தேகம். சென்னை நேரத்தோடு இரண்டரை கூட்டினால் எல்லாம் சரியாகிவிடும் என்றால் ராகு காலமும் அப்படித்தானா? திங்கட்கிழமை ராகு காலம் 7:30 – 9:00 என்று நாள்காட்டியில் இருக்கிறது. இரண்டரை கூட்டினால் காலை 10 மணிக்கு வருகிறதே! என் மாமியாரோ அதே ஏழரையைப் பிடித்துக்கொண்டு காரை வெளியே எடுக்க விடுவதில்லை.

---

ஓய்வு_ஆசிரியர்
2025 ஏப்ரல் 6, இரவு 9:30

இரண்டும் வேறு வேறு சங்கதி அம்மா. இதில்தான் பாதிப் பேர் குழம்புகிறார்கள்.

திதி என்பது சூரியனுக்கும் சந்திரனுக்கும் உள்ள கோண வித்தியாசம். அந்த வித்தியாசம் 12 பாகை கூடும்போதெல்லாம் ஒரு திதி முடியும். அது ஆகாயத்தில் நடப்பது. சென்னையில் ஒரு திதி முடியும் அதே நொடியில் சுங்கை சிப்புட்டிலும் முடிகிறது, சுவர்க் கடிகாரம் காட்டும் எண் மட்டும் வேறு. அதனால் இரண்டரை கூட்டினால் போதும். நட்சத்திரமும் அப்படித்தான்.

ராகு காலம், எமகண்டம், நாழிகைக் கணக்கு எல்லாம் உங்கள் ஊர் சூரிய உதயத்திலிருந்து தொடங்குபவை. பகலை எட்டாகப் பங்கு போட்டால் திங்கட்கிழமைக்கு இரண்டாம் பங்கு. நாள்காட்டியில் இருக்கும் ஏழரை, உதயம் 6 மணி என்று வைத்து எழுதியது. சுங்கை சிப்புட்டில் சூரியன் ஆறு மணிக்கு எந்த நாளும் உதிப்பதில்லை. பிப்ரவரியில் 7:30ஐ ஒட்டி, மே மாதத்திலும் நவம்பர் தொடக்கத்திலும் 7 மணியை ஒட்டி. அதனால் இங்கே திங்கட்கிழமை இரண்டாம் பங்கு எட்டரை ஒன்பது மணிக்குத்தான் தொடங்கும். மாமியாரிடம் இதைச் சொன்னால் காரை ஏழரைக்கும் எடுக்க விடமாட்டார், ஒன்பதுக்கும் விடமாட்டார். யோசித்துச் சொல்லுங்கள்.

காரணம் எளிது. 8 மணி மண்டலத்தின் நடுக்கோடு 120 பாகை தீர்க்கத்தில் ஓடுகிறது. நாமோ 101இல் இருக்கிறோம். பாகைக்கு 4 நிமிடம். நம் கடிகாரம் சூரியனை 1 மணி 16 நிமிடம் முந்தி ஓடுகிறது. இங்கே நண்பகல் 12 மணிக்கு வராது, சராசரியாக 1:16க்கு வரும்.

---

செம்பனை_ஓரம்
2025 ஏப்ரல் 6, இரவு 10:20

எங்கள் தாத்தா பெரட்டுக்கு (தோட்டத்தில் விடியற்காலை ஆள் கணக்கெடுப்புக்கு) போக மணி பார்த்ததே இல்லை. கொல்லைக்குப் போகும்போது மேலே பார்ப்பார். கார்த்திகைக் கூட்டம் எங்கே நிற்கிறது, அதற்குப் பின்னால் மூன்று வெள்ளி எங்கே நிற்கிறது, அவ்வளவுதான். விடிவெள்ளி இருந்தால் இன்னும் வசதி. ஆனால் அது பல மாதம் காணாமல் போய்ச் சாயங்காலம் மேற்கே தலைகாட்டும். அதற்குத் தாத்தா வைத்த பெயரை இங்கே எழுத முடியாது.

---

சோழி_கணக்கு
2025 ஏப்ரல் 7, இரவு 11:10

கோலகங்சாரிலிருந்து. அண்ணே, உங்கள் சென்னைப் பஞ்சாங்கம் வாக்கியமா (பழைய மனப்பாட வாக்கியக் கணக்கு), திருக்கணிதமா (இன்றைய வானியல் கணக்கு)? அதைப் பார்க்காமல் இரண்டரை கூட்டியும் பயனில்லை. இரண்டுக்கும் திதி முடிவில் சில மணி நேரம்கூட வித்தியாசம் வரும்.

பெரிய உதாரணம் சனிப்பெயர்ச்சி. சனி கும்பத்துக்கு வந்தது திருக்கணிதப்படி 2023 ஜனவரி 17. வாக்கியப்படி 2023 டிசம்பர் 20. பதினொரு மாத வித்தியாசம்! அந்த டிசம்பர் மாலை வெளியே வந்து பார்த்திருந்தால் சனி கும்பத்துக்குள் 8 பாகை போயிருந்தது தெரிந்திருக்கும். கோயில்களில் வாக்கியப்படி பரிகாரம் நடந்தது, கூட்டமும் குறையவில்லை.

ஆனாலும் வாக்கியக்காரர்களை நான் கேலி செய்ய மாட்டேன். சந்திரன் பூமிக்கு அருகே வரும்போது வேகமாகவும் தூரம் போகும்போது மந்தமாகவும் ஓடும். இந்த வேகச் சுழற்சி ஏறக்குறைய 27.55 நாள். ஒன்பது சுழற்சி சேர்ந்தால் 248 நாள், கிட்டத்தட்ட மிச்சமில்லாமல். அதனால் 248 நாளுக்கு 248 சின்ன வாக்கியம். ஒவ்வோர் எழுத்துக்கும் ஓர் எண். வாக்கியத்தைச் சொன்னால் அந்த நாளில் சந்திரன் எத்தனை பாகை நகர்ந்திருக்கும் என்று வந்துவிடும். முதல் வாக்கியம் 12 பாகை 3 கலை (பாகையில் அறுபதில் ஒரு பங்கு ஒரு கலை). அதாவது சந்திரன் மந்தமாக ஓடும் இடத்திலிருந்து எண்ணத் தொடங்குகிறார்கள். ஏடும் வேண்டாம், எழுத்தாணியும் வேண்டாம், எல்லாம் வாயில்.

இதை நேரில் பார்த்தவர் ஜான் வாரன். சென்னையில் 1825இல் அச்சான ‘கால சங்கலித’ நூலை எழுதியவர். புதுச்சேரியில் பஞ்சாங்கம் கணிக்கும் ஒரு தமிழரைச் சந்தித்தார். அந்த மனிதர் தரையில் சோழியை வைத்து, மனப்பாடமான அட்டவணையை வாயால் சொல்லிக்கொண்டே, 1825 மே 31 – ஜூன் 1 சந்திர கிரகணத்தைக் கணித்துக் கொடுத்தார். தொடக்கம் வெறும் 4 நிமிடம்தான் தவறியது. நடுப்பகுதி 23 நிமிடமும் முடிவு 52 நிமிடமும் பிசகின. ஏன் கூட்டுகிறோம், ஏன் கழிக்கிறோம் என்று அவருக்குச் சொல்லத் தெரியவில்லையாம். எனக்கு அதுதான் ஆச்சரியம். காரணம் தெரிந்த ஆட்கள் மறைந்து எத்தனையோ தலைமுறை ஆன பிறகும் கணக்கு மட்டும் நடந்துகொண்டிருக்கிறது.

அதற்கு முன்பே லெ ஜான்டீல் என்ற பிரெஞ்சுக்காரர் புதுச்சேரிக்கு வந்தார். வெள்ளி சூரியனைக் கடப்பதைப் பார்க்கக் கப்பல் ஏறியவர். 1761இல் போர், நடுக்கடலில் மாட்டிக்கொண்டார். 1769 வரை எட்டு வருடம் காத்திருந்தார். சரியாக அந்தக் காலையில் புதுச்சேரியில் மேகம் மூடியது! பாவம். காத்திருந்த நேரத்தில் தமிழரிடம் கிரகணக் கணக்கைக் கற்றுக்கொண்டு போனார். 1765 ஆகஸ்ட் 30 கிரகணத்தின் நீளத்தைத் தமிழ்க் கணக்கு 41 விநாடி குறைத்துச் சொன்னது. அந்தக் காலத்து ஐரோப்பிய அட்டவணை 68 விநாடி கூட்டிச் சொன்னது.

---

ஈப்போ_அக்கா
2025 ஏப்ரல் 8, காலை 7:15

மேகத்துக்காக எட்டு வருடமா! நாங்கள் போன பிறையையே மேகத்தால் பார்க்கவில்லை.

தைப்பூசம் பற்றியும் ஒரு வார்த்தை சொல்லுங்கள். இந்த வருடம் பிப்ரவரி 11இல் ஈப்போ கல்லுமலைக் கோயிலுக்குப் போனோம். முழு நிலா மறுநாள் என்றார்கள். தைப்பூசம் பௌர்ணமிதானே?

---

சோழி_கணக்கு
2025 ஏப்ரல் 8, இரவு 10:40

பூசம்தான் முக்கியம் அக்கா. பௌர்ணமி பல வருடம் கூடவே வரும், சில வருடம் நழுவும்.

தை மாதம் என்றால் சூரியன் மகரத்தில், அதாவது மேஷத் தொடக்கத்திலிருந்து எண்ணி 270 முதல் 300 பாகைக்குள். பௌர்ணமி என்றால் சந்திரன் அதற்கு நேர் எதிரே, 90 முதல் 120க்குள். பூசம் 93 பாகை 20 கலையில் தொடங்கி 106 பாகை 40 கலையில் முடியும். தை பாதிக்கு முன் பௌர்ணமி வந்தால் பெரும்பாலும் பூசத்திலேயே விழும். 2024இல் அப்படித்தான், பௌர்ணமி சமயம் சந்திரன் 101 பாகையில். 2025இல் பௌர்ணமி பிப்ரவரி 12 இரவு 9:53க்கு வந்தது. தையின் கடைசி. அப்போது சந்திரன் ஏறக்குறைய 120இல், ஆயில்யத்தின் விளிம்பில். பூசம் முந்தின நாள் இரவு 9 மணிவாக்கில் முடிந்துவிட்டது. சந்திரன் ஒரு நாளில் 13 பாகை போகும், பூசத்தின் விளிம்பிலிருந்து பௌர்ணமிக்கு ஒரு நாள். கணக்கு நேராக இருக்கிறது பாருங்கள்.

---

லயத்து_வீட்டுக்காரன்
2025 ஏப்ரல் 10, இரவு 9:00

எல்லோருக்கும் நன்றி. பஞ்சாங்கத்தைப் பார்த்து எழுதினால் மட்டும் போதாது, ஒன்றையாவது நானே கணக்குப் போட்டு, வானத்தில் ஒத்துப்போகிறதா என்று பார்க்க வேண்டும் என்று ஆசை. கணக்கில் நான் ஆறாம் ஆண்டு அளவுதான். ஐயா, ஏதாவது வழி உண்டா?

---

ஓய்வு_ஆசிரியர்
2025 ஏப்ரல் 11, காலை 10:15

சூரியனில் தொடங்குங்கள். சந்திரன் முரட்டுப் பிள்ளை, அதற்குத் திருத்தம் போட்டுக்கொண்டே இருக்க வேண்டும். சூரியன் சொன்ன பேச்சைக் கேட்கும். கைப்பேசியில் உள்ள கணிப்பானைப் படுக்க வைத்துத் திருப்பினால் ‘சைன்’ பொத்தான் வரும். அது போதும்.

2000 ஜனவரி 1, கிரீன்விச் நண்பகல் முதல் எத்தனை நாள் என்று எண்ணுங்கள். புத்தாண்டு அன்று, அதாவது வரும் ஏப்ரல் 14, நம் காலை 8 மணிக்கு 9234.5 நாள். அதை 0.98564736ஆல் பெருக்கி 280.459 கூட்டி, 360 360ஆகக் கழித்துக்கொண்டே வாருங்கள். 22.42 மிஞ்சும். இது சூரியன் ஒரே வேகத்தில் ஓடினால் இருக்கும் இடம். ஆனால் பூமியின் பாதை சரியான வட்டம் இல்லையே. அதற்கு ஒரு திருத்தம்: அதே நாளை 0.98560028ஆல் பெருக்கி 357.529 கூட்டிக் கழித்தால் 99.05. அதன் சைனை 1.915ஆல் பெருக்கினால் 1.89. இன்னும் ஒரு குட்டித் திருத்தம் உண்டு. 99.05ஐ இரட்டித்து, அதன் சைனை 0.02ஆல் பெருக்கினால் ஒரு பாகையில் நூறில் ஒரு பங்குகூட வராது. மொத்தம் 24.30 பாகை. இந்தச் சின்னக் கணக்கு ஏறக்குறைய ஒரு கலை அளவுக்குச் சரியாக வரும்.

இது வசந்த சமநாள் புள்ளியிலிருந்து எண்ணியது. நம் பஞ்சாங்கம் நட்சத்திரத்தை வைத்து எண்ணும். பூமியின் அச்சு பம்பரம் மாதிரி மெல்லத் தலையாட்டுவதால் இரண்டு தொடக்கமும் 72 வருடத்துக்கு ஒரு பாகை விலகுகின்றன. அந்த விலகல்தான் அயனாம்சம். மேகநாத் சாகா தலைமையில் இந்திய அரசு 1952இல் அமைத்த நாள்காட்டிச் சீர்திருத்தக் குழு அதை 1956 மார்ச் 21க்கு 23 பாகை 15 கலை என்று வைத்தது. இப்போது அது 24.21 பாகை. கழித்தால் 0.09. அதாவது காலை 8 மணிக்குச் சூரியன் மேஷத்தில் நுழைந்து இரண்டு மணி நேரத்துக்குக் கொஞ்சம் மேல் ஆகியிருக்கும். விசுவாவசு வருடம் நம் ஊரில் விடியும் முன்பே பிறந்துவிடும். பஞ்சாங்கத்தோடு ஒப்பிட்டுக்கொள்ளுங்கள்.

இப்போது வானம். 24.30இன் சைனை 0.3978ஆல் பெருக்கினால் 0.1637. அது எந்தக் கோணத்தின் சைன்? 9.4 பாகை. சூரியன் பூமத்திய ரேகைக்கு அவ்வளவு வடக்கே இருக்கிறது. மதியத்துக்குள் 9.5 ஆகிவிடும். நீங்கள் இருப்பது 4.8 வடக்கு. ஆகவே உச்சியிலிருந்து 4.7 பாகை வடக்கே சாய்ந்து நிற்கும். ஒரு மீட்டர் கம்பை நட்டால் மதியம் 1:16க்கு நிழல் 8 செ.மீ. சொச்சம், தெற்குப் பக்கமாக விழ வேண்டும்.

இரண்டு வாரம் முன்பே கேட்டிருந்தால் இன்னும் வேடிக்கை. ஏப்ரல் 1, 2 வாக்கில் சூரியன் சுங்கை சிப்புட்டுக்கு நேர் உச்சியில் இருந்தது, கம்புக்கு நிழலே இருந்திருக்காது. அடுத்த வாய்ப்பு செப்டம்பர் 10 வாக்கில்.

---

லயத்து_வீட்டுக்காரன்
2025 ஏப்ரல் 15, மாலை 6:30

நேற்றுப் புத்தாண்டு. மதியம் ஒரு மணிக்கே வானம் கறுத்து மழை. லெ ஜான்டீலை நினைத்துக்கொண்டேன்.

இன்று சாப்பாட்டு நேரத்தில் பள்ளித் திடலில் போய் நின்றேன். ஒரு மீட்டர் துடைப்பக் கட்டை. பையன்கள் சுற்றி நின்று ‘அங்கிள் என்ன புதைக்கிறீங்க’ என்று கேட்கிறார்கள். நிழல் தெற்கே விழுந்தது! மதியச் சூரியன் வடக்கே நிற்கும் என்று ஐம்பது வருடம் இந்த ஊரில் இருந்தும் கவனித்ததில்லை. ஆனால் நிழல் 10 செ.மீ. வந்தது. எப்போது மிகக் குட்டை என்பதையும் பிடிக்க முடியவில்லை, 1:10 முதல் 1:20 வரை ஒரே மாதிரி இருந்தது.

---

ஓய்வு_ஆசிரியர்
2025 ஏப்ரல் 15, இரவு 8:00

இன்றைக்கு 8.8 செ.மீ. வந்திருக்க வேண்டும். 10 என்றால் உச்சியிலிருந்து 5.7 பாகை. சூரியன் இன்று 9.86இல். கழித்தால் உங்கள் அட்சம் 4.15. உங்கள் துடைப்பக் கட்டை உங்களைப் பீடோருக்கு அனுப்பிவிட்டது, 70 கிலோமீட்டருக்கு மேல் தெற்கே.

கட்டை சாய்ந்திருக்கிறது. கொத்தனார் வைத்திருக்கும் தூக்குக்குண்டை இரவல் வாங்குங்கள். உச்சி நேரத்தில் நிழல் நீளம் அசையாத மாதிரித்தான் தெரியும். 12:30க்கு ஒரு நிழல் நுனியைக் குறியுங்கள், அதே நீளம் மறுபடி எப்போது வருகிறது என்று பாருங்கள். இரண்டுக்கும் நடுவே உள்ள நேரம்தான் நண்பகல்.

---

லயத்து_வீட்டுக்காரன்
2025 ஏப்ரல் 20, பிற்பகல் 3:45

தூக்குக்குண்டு கிடைத்தது. ஞாயிற்றுக்கிழமை, திடல் காலி. 12:30க்குக் குறித்த நீளம் மறுபடி 1:58க்கு வந்தது. நடு 1:14. உச்சி நிழல் 11.7 செ.மீ.

நானே கணக்குப் போட்டேன். இன்று சூரியன் 11.60 வடக்கே. 11.7 செ.மீ.க்குக் கோணம் 6.67. என் அட்சம் 4.93. ஐயா சொன்னது 4.82. பன்னிரண்டு கிலோமீட்டர் தவறு. துடைப்பக் கட்டைக்கு இது போதும் என்று நினைக்கிறேன். அம்மா குடை பிடித்துக்கொண்டு வந்து பார்த்துவிட்டுப் போனார்.

---

நேர்வழி
2025 ஏப்ரல் 20, மாலை 5:00

இது அறிவியல். இதற்கு என் வாழ்த்து.

---

செம்பனை_ஓரம்
2025 மே 16, அதிகாலை 12:20

நான் தோட்டத்தில் இரவுக் காவல். இழையைப் படித்ததிலிருந்து கழுத்து வலிக்கிறது.

இப்போது இரவு பத்தேகாலுக்குத் தெற்கே திரிசங்கு (தென்சிலுவை நட்சத்திரக் கூட்டம்) செங்குத்தாக நிற்கிறது. உயரம் 25 பாகை என்று கணக்கு சொல்கிறது: 90இல் நம் 4.8ஐயும் திரிசங்கின் தெற்கு 60ஐயும் கழித்தால் 25. கையை நீட்டி முஷ்டி பிடித்தால் 10 பாகையாம். இரண்டரை முஷ்டி வைத்தேன், சரியாக வந்தது. ஒரு நாளைக்கு நாலு நிமிடம் முந்தி வருகிறது, மாதத்துக்கு இரண்டு மணி. தாத்தா மணி பார்க்காதது இப்போது புரிகிறது.

வடக்கே துருவ நட்சத்திரம் மட்டும் கிடைக்கவில்லை. அது நம் அட்சத்தின் உயரத்தில், வெறும் 5 பாகையில் இருக்குமாம். அரை முஷ்டி! செம்பனை மட்டையே அதைவிட உயரம். தஞ்சாவூர்ப் பக்கமிருந்து வந்த எங்கள் பாட்டன் அங்கே பார்த்திருப்பார், 11 பாகையில். இங்கே வந்த பிறகு தேடினாரா தெரியவில்லை.

---

லயத்து_வீட்டுக்காரன்
2025 செப்டம்பர் 8, அதிகாலை 3:20

இழையைத் தூசி தட்டுகிறேன். இன்று முழுச் சந்திர கிரகணம். கோயில் பலகையில் நான் எழுதியது: முழு மறைவு 1:30 முதல் 2:52 வரை. பதினைந்து பேர் பாய் விரித்து உட்கார்ந்தோம். ஒன்றரைக்கு மேகம். 2:10க்கு விலகியது. செம்பருத்திப் பூ காய்ந்த மாதிரி ஒரு நிறம். 2:53க்கு ஓரத்தில் வெளிச்சம் வந்தது. ஒருவர் “ஒரு நிமிஷம் லேட்டுங்க” என்றார். என் கைக்கடிகாரம்தான் அவசரக்காரன் என்று சொல்லிவிட்டேன்.

அம்மாவும் வந்தார். நோட்டை அலமாரியிலிருந்து எடுத்து மடியில் வைத்துக்கொண்டே உட்கார்ந்திருந்தார்.

அடுத்தது 2026 மார்ச் 3. முழு மறைவு மாலை 7:04 முதல் 8:03 வரை. ஆனால் இங்கே சந்திரன் உதிப்பதே 7:28 வாக்கில். மறைந்தபடியேதான் மேலே வரும். மறைவு முடியும்போது உயரம் 8 பாகை. ஐயா, கிழக்கே மலை இருக்கிறதே, தெரியுமா?

---

ஓய்வு_ஆசிரியர்
2025 செப்டம்பர் 8, காலை 7:50

8 பாகை ஒரு முஷ்டிக்கும் குறைவு. நாளை அதே இடத்தில் நின்று முஷ்டியை நீட்டிப் பாருங்கள். மலை முஷ்டிக்கு மேலே தெரிந்தால் பாயைத் தூக்கிக்கொண்டு என் வீட்டு மொட்டை மாடிக்கு வாருங்கள். அம்மாவையும் கூட்டி வாருங்கள், படி பதினெட்டுதான்.